இறுகிப்போன கிளட்ச் லீவர்

மழைக்காலம் முடிந்ததும் என் பைக்கின் கிளட்ச் லீவர் மிகவும் இறுகிவிட்டது. நெரிசலில் நின்று நின்று போனால் மணிக்கட்டு விண்விண்ணென்று வலிக்கும். கிளட்ச் பிளேட் போயிருக்கும் என்றார் மெக்கானிக். எனக்கு நம்பிக்கை இல்லை. கிளட்ச் கேபிளின் என்ஜின் பக்கத்து முனையைக் கழற்றிவிட்டு, உறைக்குள் ஓடும் கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தேன். அப்போதும் சொரசொரவென்றே நகர்ந்தது. குற்றவாளி கேபிள்தான்.

லீவர் அருகே உள்ள, கேபிளின் தளர்வைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரையும் அதை நகராமல் பிடிக்கும் லாக் நட்டையும் திருகி, இரண்டின் பிளவுகளையும் லீவரின் பிளவோடு நேராக நிறுத்தினால் கம்பி எளிதாகக் கழன்றுவிடும். முனையிலுள்ள உலோகக் குமிழ் அருகே கம்பியின் இழைகளைத் தடவிப் பார்க்க வேண்டும். ஓர் இழை அறுந்து துருத்திக்கொண்டிருந்தாலும் எண்ணெய் விட்டுப் பயனில்லை, புதுக் கேபிள்தான். என்னுடையதில் இழைகள் நன்றாகவே இருந்தன.

பாலித்தீன் பையின் மூலையைக் கத்தரித்து, உறையின் மேல்முனையில் இன்சுலேஷன் டேப்பால் கட்டி, கேபிளை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். பைக்குள் கொஞ்சம் என்ஜின் ஆயில். கம்பியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் இறங்கும். முதலில் காப்பி டிகாஷன் நிறத்தில் துரு கலந்து சொட்டியது. தெளிந்த எண்ணெய் வரும்வரை விட்டேன். உறைக்குள் கிரீஸ் அடைப்பவர்கள் உண்டு. அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரீஸ் குமிழுக்கும் லீவர் போல்ட்டுக்கும் போதும். உட்புறம் டெஃப்லான் பூசிய கேபிளுக்கு எண்ணெயே வேண்டாம்.

மாட்டியபின் லீவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. தளர்வு (கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா நகரும் தூரம்) வைத்தேன், இது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். ஆக்சிலேட்டர் கேபிளையும் கழற்றி மாட்டினால், ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, என்ஜின் வேகம் கூடவில்லை என்று உறுதிசெய்த பிறகே கிளம்ப வேண்டும்.