கொள்கைக் குறிப்பு எழுதப் புறப்படும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பறைப் பணியைத் தொடர்ந்துகொண்டே மாநிலக் கல்விக் கொள்கையில் ஆசிரியர்களின் குரலைச் சேர்ப்பதற்காக நடத்தப்படும் ஃபெல்லோஷிப் ஒன்றில், புதிதாகச் சேரும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு வழிகாட்டி வருகிறேன். ஒவ்வோர் அணியும் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, தரவு திரட்டி, பள்ளிக் கல்வித் துறைக்குக் கொள்கைக் குறிப்பு ஒன்றை எழுதி, அதனை அலுவலர்கள் முன் நேரில் எடுத்துரைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆட்கள் மாறுகிறார்கள். தொடக்க அணிகளில் நாங்கள் செய்த அதே கோளாறுகள்தாம் புதிய குறிப்புகளிலும் தலைகாட்டுகின்றன. எழுத்துப்பிழை, நீளம், காலந்தாழ்த்திச் சமர்ப்பித்தல் ஆகியவற்றை இங்கே நான் தொடப் போவதில்லை. அவற்றை ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்த ஆணை என்று தெரியாமலே மாற்றம் கேட்பது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்று விளைவிக்கும் சேதத்துக்கு ஈடாகாது. அதனால்தான் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அடங்கிய அணி ஒன்று, பதிவுச் சுமையைத் தன் பொருளாக எடுத்துக்கொண்டது. மாணவரின் வாசிப்பு நிலையைச் செயலியில் பதிவேற்றிய பிறகு, அதையே ஒரு பதிவேட்டில் கையால் எழுதி, வகுப்புச் சுவரில் அட்டவணையாக ஒட்டி, வாரக் கடைசியில் ஏ4 தாளில் சுருக்கமாகவும் எழுதித் தர வேண்டியிருந்தது என்பது அவர்களுடைய குறை. குறை முற்றிலும் நியாயமானது. கற்பித்தலுக்குரிய நேரம் எவ்வளவு வீணாகிறது என்பதைப் பள்ளிவாரியாகக் கணக்கெடுத்து, நல்ல தமிழில், பொறுமையாக எழுதியிருந்தார்கள். "ஆசிரியர்களின் பதிவுப் பணிகளைக் குறைக்கும் வகையில் அரசு கொள்கை மாற்றம் செய்ய வேண்டும்" என்பது இறுதிப் பரிந்துரை.

உயர் அலுவலர் ஒருவர் குறிப்பை முழுமையாகப் படித்துவிட்டுக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "செயலியில் பதிவிடச் சொன்னது நாங்கள், பதிவேடும் சுவர் அட்டவணையும் எந்த ஆணையில் இருக்கின்றன?" அணியில் எவருக்கும் பதில் தெரியவில்லை. வட்டார அளவிலான கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டு, பின்னர் எல்லாரும் "அரசு சொல்கிறது" என்று நம்பிவிட்ட ஒன்று அது என்பது பிறகுதான் தெரியவந்தது. அதாவது, இல்லாத கொள்கையை நீக்கச் சொல்லி அரசிடம் விண்ணப்பித்திருந்தார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. குறிப்பு "உரிய நடவடிக்கைக்காக" என்ற மேற்குறிப்புடன் இயக்ககத்துக்குப் போனது. அங்கிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கும் இறங்கியது. எந்த அலுவலகத்தில் பதிவேடு பிறந்ததோ, அதே அலுவலகத்திடம் அறிக்கை கேட்கப்பட்டது. அந்த அலுவலகம், பள்ளிகளில் பராமரிக்கப்படும் பதிவேடுகளின் விவரத்தைப் படிவத்தில் நிரப்பி மறுநாளுக்குள் அனுப்புமாறு தலைமையாசிரியர்களைப் பணித்தது. பதிவுச் சுமையைக் குறைக்கக் கேட்டவர்களுக்குக் கூடுதலாக ஒரு படிவம் கிடைத்தது. அந்த ஆண்டில் அணிக்குக் கிடைத்திருந்த ஒரே சந்திப்பும் வீணாயிற்று.

இதைத் தவிர்ப்பதற்குச் சட்டப் படிப்பு எதுவும் தேவையில்லை. அலுவலகத்திலிருந்து வரும் எந்தச் செயல்முறைகளையும் (அலுவலர் பிறப்பிக்கும் எழுத்துபூர்வ உத்தரவு) எடுத்துப் பாருங்கள்: ந.க. எண் என்னும் கோப்பு எண், நாள், அதன் கீழே "பொருள்", அதற்கும் கீழே "பார்வை" என்று இருக்கும். நம்மில் பெரும்பாலோர் பொருளைப் படித்துவிட்டு நேரே கடைசிப் பத்திக்குத் தாவிவிடுகிறோம். படிக்க வேண்டியது பார்வையைத்தான். இந்த உத்தரவு எதன் அடிப்படையில் பிறந்தது என்பது அங்கேதான் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பார்வையில் உள்ள கடிதத்தைத் தேடி எடுத்தால், அதிலும் ஒரு பார்வை இருக்கும். அப்படியே ஏறிக்கொண்டே போனால், ஒரு சட்டப் பிரிவிலோ, விதியிலோ, அரசாணையிலோ, இயக்குநரின் செயல்முறைகளிலோ போய் நிற்பீர்கள். சில வேளைகளில் "ஆய்வுக் கூட்டத்தில் வழங்கப்பட்ட அறிவுரை" என்ற வரியோடு பாதை முடிந்துவிடும். வழியில் ஏதேனும் ஒரு கடிதம் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கேட்க வேண்டியதும் கேட்க வேண்டிய இடமும் முடிவாகின்றன. ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்டபோது, அவ்வகுப்புகளில் மாணவர்களை நிறுத்திவைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை மாநிலங்களுக்குக் கிடைத்தது. அந்த உரிமையைக் கொண்டு தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் பொதுத்தேர்வுக்கான அரசாணை வந்தது. எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. சட்டத் திருத்தத்தை நீக்கு என்று தில்லியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர்களைவிட, சட்டம் விருப்பத்தை மாநிலத்திடம் விட்டிருப்பதால் மாநில அரசு தன் ஆணையை விலக்கிக்கொண்டாலே போதும் என்று எழுதியவர்கள்தாம் சரியான கதவைத் தட்டினார்கள்.

மேலே சொன்ன பதிவேட்டுச் சிக்கலுக்குக் கொள்கை மாற்றமே வேண்டியதில்லை. "செயலியில் பதிவேற்றிய விவரங்களுக்குத் தனிப் பதிவேடு பராமரிக்கத் தேவையில்லை எனத் தெளிவுரை வழங்குமாறு" இயக்குநரிடம் கேட்டிருந்தால், ஒரு பக்கச் செயல்முறைகளில் வேலை முடிந்திருக்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டதால், மூக்கு கைக்கு எட்டாமலே போயிற்று.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை அரைகுறையாகப் படிப்பது

"ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள், இது கல்வி உரிமைச் சட்டத்துக்கு எதிரானது" என்று ஒவ்வோர் ஆண்டும் ஓர் அணியாவது எழுதுகிறது. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால், தொடக்க நிலையில் 60 மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் என்றுதான் இருக்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்ற நிபந்தனை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் மட்டுமே உரியது. ஆகவே 40 மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள தொடக்கப் பள்ளியில் சட்டமீறல் எதுவும் இல்லை. அலுவலரும் "விதிப்படியே உள்ளது" என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார். அட்டவணை சொல்வது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் தருவதற்கு மாநிலத்துக்குத் தடை ஏதும் இல்லை. ஆகவே சட்டமீறல் என்று குற்றம் சாட்டாமல், பல வகுப்புகளை ஒருங்கே நடத்தும் பள்ளிகளுக்குக் கூடுதல் பணியிடம் வழங்கும் அரசாணையைக் கேளுங்கள். உண்மையிலேயே மீறல் இருக்கிறதா என்று அறிய விரும்பினால் 26-ஆம் பிரிவைப் பாருங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் காலியிடம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது.

அந்த மேசையால் தர முடியாததைக் கேட்பது

தேர்தல் பணியிலிருந்து விலக்கு. ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்று சொல்லும் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே, பேரிடர் நிவாரணம், பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் ஆகிய மூன்றையும் விதிவிலக்காக அனுமதிக்கிறது. மாநிலக் கல்வித் துறைச் செயலர் நினைத்தாலும் தர முடியாததைக் கேட்டால், அதே குறிப்பில் உள்ள, அவர் தரக்கூடிய மற்றக் கோரிக்கைகளையும் சேர்த்தே ஓரமாக வைத்துவிடுவார்.

கொள்கை ஆவணத்தையே ஆணையாக எண்ணுவது

மாநிலக் கல்விக் கொள்கையை வகுக்க, ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையிலான குழு 2022-இல் அமைக்கப்பட்டது. 2024 ஜூலையில் அறிக்கை அளித்தது. பள்ளிக் கல்விக்கான மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8-ஆம் நாள் வெளியிடப்பட்டது. அதிலுள்ள ஒரு வாசகத்தை மேற்கோளாகக் காட்டி, "கொள்கையில் சொல்லப்பட்டது இன்னும் ஏன் நடைமுறைக்கு வரவில்லை" என்று கேட்கும் குறிப்புகள் இப்போது பெருகியிருக்கின்றன. கொள்கை ஆவணம் திசையைச் சொல்லும். நிதி ஒதுக்கீடும் அரசாணையும் வந்தால்தான் அது பள்ளியை எட்டும். குறிப்பில் அந்த வாசகத்தை மேற்கோள் காட்டுவதோடு நிறுத்திவிடாமல், அதை நிறைவேற்ற எந்த ஆணை வெளிவர வேண்டும், அதற்கு யார் செலவு ஏற்க வேண்டும் என்பதையும் வரைவாக எழுதிக் கொடுங்கள். வரைவு ஆணையோடு வருகிறவரை அலுவலர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு வகுப்பறையை மாநிலமாக விரிப்பது

தன் வகுப்பில் நடந்ததைச் சொல்வது ஆசிரியருக்கு மட்டுமே உள்ள வலிமை. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் "என் மாணவர்கள் பயிற்சி நூலை விரும்பவில்லை, எனவே அதனை மாநிலமெங்கும் நிறுத்த வேண்டும்" என்பதில், "எனவே" என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் பெரிய பள்ளம் இருக்கிறது. மலைப்பகுதிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்று நிலைமை வேறுபடும் சில பள்ளிகளிலாவது அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விடை மாறுபட்டால் குறிப்பு பலவீனமாகிவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். எங்கே மாறுபடுகிறது என்று சொல்லும் குறிப்பைத்தான் அலுவலர்கள் நம்புகிறார்கள் என்பது என் அனுபவம். எண்ணிக்கை யுடைஸ் (பள்ளிகள் பற்றிய தேசியத் தரவுத்தளம்) தரவோடு ஒத்துப்போகிறதா என்பதையும் முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள், ஏனென்றால் எதிரில் அமர்ந்திருப்பவர் அதைத்தான் முதலில் திறப்பார்.

ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் கடைசிப் பத்தியில் செருகுவது

அவற்றைப் பேசச் சங்கங்கள் இருக்கின்றன, நன்றாகவே பேசுகின்றன.

முதலில் ஊடகத்திடம் பேசுவது

தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973. படித்த பிறகு முடிவெடுங்கள்.

குழந்தைகளின் பெயரும் படமும்

வேண்டாம். பெற்றோர் சம்மதித்தாலும் வேண்டாம்.

காலம் தப்பிக் கேட்பது

பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1-ஆம் நாள் மாணவர் எண்ணிக்கையை வைத்துச் செய்யப்படுகிறது. உபரி ஆசிரியர் கணக்கும், உபரியானவர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றும் பணி நிரவலும் அதன் தொடர்ச்சி. ஆசிரியர் பணியிடம் பற்றிய குறிப்பை அக்டோபரில் கொண்டுவந்தால், அந்த ஆண்டுக்கு அது பயனற்றது. செலவுள்ள பரிந்துரை என்றால், துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும், பள்ளிக் கல்விக்கான மானியக் கோரிக்கை எண் 43 சட்டமன்றத்தில் வைக்கப்படும் வரை காத்திருப்பதில் பொருளில்லை. மதிப்பீடுகள் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே துறைக்குள் தயாராகிவிடும். மானியக் கோரிக்கையோடு துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பை அடுத்த ஆண்டுக்கான தொடக்கமாகப் படியுங்கள்: எதற்கு நிதி இருக்கிறது, எது வெறும் அறிவிப்பாக நிற்கிறது என்பது அதில் தெரியும்.

ஆணை கிடைத்தவுடன் கலைந்துவிடுவது

அரிதாகக் கிடைக்கும் வெற்றிக்குப் பின் அணிகள் படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகின்றன. ஆணையின் கடைசிப் பக்கத்தில் "நகல்" என்ற பட்டியல் இருக்கும். அதில் வட்டாரக் கல்வி அலுவலர் வரை பெயர் இருக்கிறதா, முந்தைய அறிவுரைகள் ரத்து என்ற வரி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரத்து வரி இல்லையென்றால் பழைய உத்தரவும் புதிய உத்தரவும் பள்ளியில் பக்கத்துப் பக்கத்தில் உயிரோடு இருக்கும். ஆய்வுக்கு வருபவர் இரண்டையும் கேட்பார். அந்த ஒரு வரிக்காகத் துறையை மறுபடி அணுகுவது ஆணை வெளியான சில நாள்களுக்குள் எளிது. கோப்பு பதிவறைக்குப் போய்விட்டால், மீண்டும் முதல் கடிதத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.