தோல் உருவாகும்போது மரபணு காத்திருப்பது ஏன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் மேல்நிலை மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு, விடைத்தாள்களில் ஆண்டுதோறும் கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: "தோல் செல்லில் தோலுக்குரிய மரபணுக்கள் மட்டுமே இருக்கும்." இது அடிப்படைத் தவறு. நரம்புச் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள அது ஹிஸ்டோன் புரதங்களின்மேல் சுற்றப்பட்டுக் குரோமாட்டினாக உட்கருவுக்குள் அடங்கியிருக்க, அதில் எந்தப் பகுதி இறுகியிருக்கும், எது தளரும் என்பதிலேதான் செல்லுக்குச் செல் வேறுபாடு எழுகிறது.

சென்ற மார்கழியில் மாணவி ஒருத்தி, தேயிலை பறிக்கும் தன் தாயின் விரல்களைப் படமெடுத்து வந்து காட்டினாள். கட்டைவிரல் நுனி காய்த்துப்போய், வெடிப்புகளுக்குள் இலைக்கறை கறுத்துப் படிந்திருந்தது. "அம்மாவோட மரபணு மாறிடுச்சா சார்? எனக்கும் வருமா?" என்று கேட்டாள். மாறவில்லை, உராய்வுக்கு ஈடுகொடுக்கவே மேல்தோல் தடிக்கிறது, அந்தக் காய்ப்பு பிள்ளைக்குப் போவதில்லை. செல்லின் செயல் மாறுவதை மரபணு எழுத்தே மாறுவதாக எண்ணும் இந்தக் குழப்பத்தைப் பொறுமையாகத் தீர்த்துவைப்பது ஆசிரியரின் கடமை.

குரோமாட்டின் இறுகி அடக்கப்பட்ட மரபணு என்றைக்கும் திறக்காது என்று எழுதுவதுதான் எல்லாவற்றிலும் ஆழமான பிழை. புறத்தோலின் (மேல்தோலின்) அடிப்படலத்தில் உள்ள, பிறகு முதிர்ந்த தோல் செல்களாக மாறும் முன்னோடிச் செல்களில், மரபணுக்களை அடக்கும் பாலிகோம்ப் என்ற புரதத் தொகுதியைச் சேர்ந்த ஈஇஸட்எச்2 என்னும் நொதி, ஹிஸ்டோன் எச்3-இன் 27-ஆவது அமினோ அமிலமான லைசினில் மெத்தில் குழுக்கள் என்னும் சிறு வேதி அடையாளங்கள் மூன்றைச் சேர்த்து, தோல் முதிரும்போது மட்டுமே தேவைப்படும் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. கருவில் வளரும் எலியின் புறத்தோலில் இந்த நொதியை நீக்கியபோது, அம்மரபணுக்கள் உரிய காலத்துக்கு முன்பே விழித்து, நீர் வெளியேறாமல் காக்கும் தடுப்பும் முந்தியே உருவானதை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இங்கே நடப்பது நிரந்தரப் பூட்டு அன்று, காலம் பார்த்துக் காக்கவைத்தல். ஜேஎம்ஜேடி3 போன்ற நொதிகள் அக்குழுக்களை நீக்கவும் செய்கின்றன. ஆனால் நீக்கியவுடன் மரபணு இயங்கிவிடும் என்பதும் சரியன்று. ஏபி1 போன்ற படியெடுத்தல் காரணி, அதாவது டிஎன்ஏவில் அமர்ந்து மரபணுவை இயக்கும் புரதம், வந்து அமர வேண்டும்.

குரோமாட்டினை இறுக்கியும் தளர்த்தியும் மாற்றும் புரதங்களான குரோமாட்டின் ஒழுங்குபடுத்திகளே எல்லாவற்றையும் ஆள்வதாகவும் சொல்லக் கூடாது. பி63 என்னும் படியெடுத்தல் காரணி இல்லாத எலிகளுக்கு அடுக்குப் புறத்தோலே உருவாவதில்லை; பிஆர்ஜி1, சாட்பி1 ஆகிய ஒழுங்குபடுத்திகளை உற்பத்தி செய்யவைப்பதும் அதுவே. பிஆர்ஜி1-இன் உதவியோடுதான், புறத்தோல் முதிர்ச்சிக்குரிய மரபணுத் திரள் உட்கருவின் ஓரத்திலிருந்து உள்நோக்கி நகர்கிறது. அத்திரள் எலிக்கு 3-ஆவது குரோமோசோமிலும் மனிதருக்கு 1-ஆவதிலும் இருப்பதால், எந்த உயிரியில் கண்ட முடிவு என்பதை விடையில் எழுதாமல் விடக் கூடாது.