'ஓன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையில்லாமல் பாவிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் விசா விண்ணப்பம், லீவு கடிதம், வங்கிக்கு எழுதும் கடிதம் என்று எதை எடுத்தாலும் நம் ஆட்கள் தவறாமல் சறுக்கும் சொல் ஒன்று இருக்கிறது. ஓ, டபிள்யூ, என் என்று மூன்றே எழுத்துள்ள 'ஓன்'தான் அது. தமிழில் 'சொந்த' வருகிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போட்டுவிடுகிறோம். பாதி இடங்களில் சரியாக அமைந்துவிடும், மீதி இடங்களில் அர்த்தமே வேறாகிவிடும்.

முதலில் உச்சரிப்பை முடித்துவிடுவோம். டவுன், பிரவுன், கிளவுன் எல்லாவற்றுக்கும் கடைசி எழுத்துகள் இதேதான் என்பதால் இதையும் 'அவுன்' என்று வாசிப்பவர்கள் உண்டு. ஃபோன், லோன் என்று சொல்கிற மாதிரித்தான் இதையும் சொல்ல வேண்டும்.

சரி, இனி இலக்கணம். தமிழில் 'சொந்த' தனியாக நிற்கும்: சொந்த வீடு, சொந்தக் கடை. ஆங்கில 'ஓன்' அப்படி நிற்காது, அதற்கு முன்னால் யாருடையது என்று சொல்லும் சொல் கட்டாயம் வேண்டும். மை ஓன், யுவர் ஓன், ஹிஸ் ஓன், ஹேர் ஓன், தெயர் ஓன், அல்லது அம்மாஸ் ஓன். 'ஐ ஹேவ் ஓன் ஹவுஸ்' என்பது கொழும்பில் தினமும் காதில் விழும் வாக்கியம்தான், ஆனால் பிழை. 'ஐ ஹேவ் மை ஓன் ஹவுஸ்' என்று சொல்லுங்கள். ஞாயிறு பத்திரிகையின் கலியாண விளம்பரத்தில் 'ஓன் ஹவுஸ் இன் வெள்ளவத்தை' என்று போடுவது வேறு கதை. அங்கே இடத்தை மிச்சம் பிடிக்கச் சொற்களை வெட்டுகிறார்கள், அதைப் பார்த்துக் கடிதம் எழுதக்கூடாது.

முன்னால் 'எ', 'ஏன்' போடும் ஆசையும் வரும். 'ஏன் ஓன் ரூம்' என்று ஆங்கிலத்தில் இல்லை. ஒன்று, இரண்டு, சில என்று சொல்ல வேண்டியிருந்தால் சொல்லைப் பின்னால் தள்ளி 'ஒவ்' சேர்க்க வேண்டும்: 'எ ரூம் ஒவ் மை ஓன்', 'த்ரீ ஷொப்ஸ் ஒவ் ஹிஸ் ஓன்'. கொட்டாஞ்சேனையில் மூன்று பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கிற வீட்டில் மூத்தவளுக்கு வேண்டியது முதலாவது. புறக்கோட்டையில் வாடகைக் கடையில் ஆரம்பித்த முதலாளி கனவு காண்பது இரண்டாவது.

இந்த 'ஒவ் மை ஓன்' என்பதையும் 'ஒன் மை ஓன்' என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எழுத்தில் ஒரு சின்ன மாற்றம்தான், ஆனால் பின்னதில் உடைமையே இல்லை. 'ஐ லிவ் ஒன் மை ஓன்' என்றால் தனியாக, கூட ஆளில்லாமல் இருக்கிறேன் என்று பொருள். ஊரிலிருந்து வந்து பம்பலப்பிட்டியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பொடியன் இதைத் தாராளமாகச் சொல்லலாம், அவன் பெயரில் ஒரு செங்கல் இல்லாவிட்டாலும். இன்னொரு பொருள், யாருடைய உதவியும் இல்லாமல் என்பது: 'ஷீ பாஸ்ட் தி எக்ஸாம் ஒன் ஹேர் ஓன்', டியூஷன் போகாமல் தானே படித்துப் பாஸாகிவிட்டாள். எந்தப் பொருள் என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த பாவனை, வகுப்புகளில் அதிகம் சொல்லிக் கொடுக்காததும் இதுதான். 'ஹி குக்ஸ் ஹிஸ் ஓன் லஞ்ச்' என்ற வாக்கியத்தை 'அவர் தன் சொந்தச் சாப்பாட்டைச் சமைக்கிறார்' என்று எடுத்தால் என்னவோ மாதிரி இருக்கும், இல்லையா? அதன் அர்த்தம், அவர் தானே சமைக்கிறார், வேறு யாரும் சமைத்துக் கொடுப்பதில்லை என்பது. 'ஷீ மேக்ஸ் ஹேர் ஓன் கிளோத்ஸ்' என்றால் தன் உடுப்பைத் தானே தைக்கிறாள். ஆக, தமிழில் நாம் 'தானே' என்றோ ஒரு 'ஏ' சேர்த்தோ சொல்லும் இடங்களில் ஆங்கிலக்காரர் இந்தச் சொல்லைப் போடுவார்கள். 'என் கண்ணாலேயே பார்த்தேன்' என்பதும் 'வித் மை ஓன் ஐஸ்' என்றுதான் வரும்.

வினைச்சொல்லாக வரும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. 'ஐ ஆம் ஓனிங் எ ஷொப்' வேண்டாம். உடைமை என்பது நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல, இருக்கும் நிலை. ஆகவே 'ஐ ஓன் எ ஷொப்', அவ்வளவுதான். அதோடு இந்த வினை வீடு, காணி, வாகனம், கம்பெனி, பங்கு, நாய் போன்றவற்றுக்குப் பொருந்துமே தவிர, பேனாவுக்கும் குடைக்கும் போட்டால் பொலிஸ் விசாரணை மாதிரிக் கேட்கும். கதிரையில் கிடக்கும் குடையைக் காட்டி 'டு யூ ஓன் திஸ் அம்ப்ரெல்லா?' என்று யாரும் கேட்பதில்லை, 'இஸ் திஸ் யுவர்ஸ்?' போதும். ஆனால் விசா படிவத்தில் 'ஐ ஹேவ் எ ஃபிளாட்' என்று எழுதினால் அது வாடகை ஃபிளாட்டாகவும் இருக்கலாம். அங்கே 'ஐ ஓன் எ ஃபிளாட் இன் வெள்ளவத்தை' என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இனிப் பெரிய பொறிக்கு வருவோம். தமிழ்ச் 'சொந்தம்' ஒரு கூட்டுக்குடும்பம் மாதிரி, உடைமையும் உறவும் ஊரும் அந்தரங்கமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் தனித்தனி வீடு. 'சொந்தக்காரர்' என்றால் நமக்கு வீட்டு உரிமையாளரும்தான், மாமாவின் மச்சானும்தான். ஆங்கிலத்தில் முதலாமவர் ஓனர், இரண்டாமவர் ரெலடிவ். 'சொந்த மச்சாளைக் கட்டினான்' என்பதை 'ஓன் கசின்' என்று சொன்னால் வெளிநாட்டுக்காரருக்கு விளங்காது, 'ஃபர்ஸ்ட் கசின்' என்று சொல்ல வேண்டும். 'ஓன் பிரதர்' என்றும் நாம் சொல்வோம். கூடப்பிறந்தவர், பெரியம்மா மகன் இல்லை என்று காட்டத்தான் அப்படிச் சொல்கிறோம், நமக்குள் கதைக்கும்போது அதில் தப்பும் இல்லை. ஆனால் வெள்ளைக்காரருக்கு 'மை பிரதர்' என்றாலே கூடப்பிறந்தவர்தான், மற்றவரெல்லாம் கசின்.

'உங்கட சொந்த இடம் எது?' கொழும்பில் இரண்டு தமிழர் சந்தித்தால் மூன்றாவது கேள்வியே இதுதான். இதற்கு ஆங்கிலத்தில் 'மை ஓன் பிளேஸ் இஸ் பருத்தித்துறை' என்று பதில் சொன்னால் அங்கே உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது என்றுதான் கேட்பவர் எடுப்பார். 'ஐ ஆம் ஃப்ரொம் பருத்தித்துறை' என்று சொல்லுங்கள், இப்போது இருப்பது கொழும்பில் என்பதையும் காட்ட வேண்டுமானால் 'ஒரிஜினலி' சேர்த்துக்கொள்ளுங்கள். லீவு கடிதத்தில் 'சொந்தக் காரணம்' வருமிடத்தில் 'பெர்சனல் ரீசன்ஸ்', 'ஓன் ரீசன்ஸ்' அல்ல. 'சொந்தத் தொழில்' செய்பவர் செல்ஃப் எம்ப்ளோய்ட், அல்லது 'ரன்ஸ் ஹிஸ் ஓன் பிஸ்னஸ்'. சொந்தச் செலவில் என்பது 'அட் மை ஓன் எக்ஸ்பென்ஸ்' என்று அப்படியே பொருந்திப்போகும். சொந்தக் காலில் நிற்பதும் பொருந்தும், ஆங்கிலக்காரர் மட்டும் கால் இரண்டு என்று எண்ணியும் சொல்வார்: 'ஒன் ஹேர் ஓன் டூ ஃபீட்'.

கொழும்பில் இந்தச் சொல்லுக்குக் காசு பெறுமதி வருவது பத்திரங்களில். கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். லீசிங்கில் வாகனம் எடுத்தால் பதிவுச் சான்றிதழில் இரண்டு உரிமையாளர்கள் இருப்பார்கள். 'ரெஜிஸ்டர்ட் ஓனர்' என்ற இடத்தில் உங்கள் பெயரும், 'அப்சொலூட் ஓனர்' என்ற இடத்தில் லீசிங் கம்பெனியின் பெயரும் இருக்கும். பாவனை வாகனம் வாங்கப் போகும்போது 'ஐ ஆம் தி ஓனர்' என்று ஒருவர் சொன்னால் எந்த ஓனர் என்று சான்றிதழைப் பார்த்துக் கேளுங்கள். கடன்பட்டிருப்பதைச் சொல்லும் 'ஓ' என்ற ஆங்கில வினையும் இந்த 'ஓன்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வந்தவை. மாதாமாதம் தவணை கட்டுபவர்களுக்கு இது புதினமாக இராது.

ஃபிளாட் வாங்குபவர்களுக்கு 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் பெயரிலேயே 'அப்பார்ட்மென்ட் ஓனர்ஷிப்' வருகிறது. உங்கள் ஃபிளாட் உங்களுடையது, படிக்கட்டும் லிஃப்டும் போன்ற பொது இடங்கள் எல்லாருக்கும் பிரிக்காத பங்கு. அதைச் சொல்ல 'கோ-ஓனர்' என்ற சொல் வரும்.

'பொசெஸ்' என்பதையும் 'ஓன்' என்பதையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். பொசெஷன் என்றால் கையில் வைத்திருப்பது, ஆட்சி. ஓனர்ஷிப் என்றால் உரிமை. வாடகைக்கு இருப்பவருக்குப் பொசெஷன் உண்டு, உரிமை கிடையாது. ஆனாலும் இலங்கையில் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரிமையை ஏற்றுக்கொள்ளாமல், பத்து வருடம் இடையறாமல் தனியார் காணியைக் கையில் வைத்திருந்தவர் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியும். அரச காணியில் இது செல்லாது. விற்பனை உடன்படிக்கையில் 'வேகன்ட் பொசெஷன்' என்று இருந்தால் வீட்டை வெறுமையாக, ஆட்களை எழுப்பிவிட்டுக் கையளிக்க வேண்டும் என்று பொருள், ஆகவே உள்ளே குடியிருப்பவர் இருந்தால் கையெழுத்து வைக்குமுன் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

வாடகை வீட்டுக்காரரை நாம் 'ஹவுஸ் ஓனர்' என்கிறோம். கடிதத்தில் 'லேண்ட்லோர்ட்', பெண்ணென்றால் 'லேண்ட்லேடி'. வாகனத் தரிப்பிடங்களில் 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்று எழுதியிருக்குமே, அந்த ஓனர் தரிப்பிடத்தின் முதலாளி இல்லை, நீங்கள்தான்.

அலுவலகத்தில் இந்தச் சொல் இப்போது வேறு வேடம் போட்டுத் திரிகிறது. ஐடி கம்பெனி மின்னஞ்சலில் 'ஹூ ஓன்ஸ் திஸ்?' என்று வந்தால் இதற்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். 'கேன் யூ ஓன் திஸ்?' என்றால் வேலை உங்கள் தலையில் விழப்போகிறது, சம்மதிக்குமுன் யோசியுங்கள். 'ப்ரொடக்ட் ஓனர்' என்ற பதவிக்காரர் கம்பெனிக்குச் சொந்தக்காரர் இல்லை, எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறவர்.

மரபுத் தொடர்களில் நாலைந்து தெரிந்தால் போதும். 'ஓன் அப்' என்றால் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்வது, யார் கண்ணாடியை உடைத்தது என்று டீச்சர் கேட்கும்போது வருவது. 'கெட் யுவர் ஓன் பேக்' என்பதைப் பார்த்துவிட்டு, கொடுத்த பொருளைத் திருப்பி வாங்குவது என்று நினைப்பார்கள், உண்மையில் பழிவாங்குவது. 'ஹோல்ட் யுவர் ஓன்' என்பது எதிராளிக்கு விட்டுக்கொடுக்காமல் தாக்குப்பிடிப்பது, கிரிக்கெட் வர்ணனையில் கடைசி விக்கெட்காரர் வேகப்பந்துக்கு முன்னால் நின்றுபிடிக்கும்போது கேட்கலாம். 'ஓன் கோல்' (முன்னால் 'மை', 'ஹிஸ்' வேண்டாத கூட்டுச்சொல் இது) உதைபந்தாட்டத்தில் தன் பக்கத்துக்கே அடிப்பது, அரசியல்வாதி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும்போதும் இதையே சொல்வார்கள். கணினி விளையாட்டில் தோற்றவனைப் பார்த்துப் பிள்ளைகள் 'ஓன்ட்!' என்று கத்தினால் அவனை வெளுத்து வாங்கிவிட்டார்கள் என்று பொருள். யாரையும் யாரும் விலைக்கு வாங்கிவிடவில்லை, பயப்பட வேண்டாம்.