ஓரம் தூக்கிய மரத்தரையைச் சரிசெய்த விதம்

சிங்க் அருகே மரத்தரைப் பலகைகளின் ஓரம் தூக்கி, நடுப்பகுதி குழிந்திருந்தது. நகத்தைக் குறுக்கே ஓட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் தட்டும். மேலே சிந்தும் தண்ணீரைவிட அடியில் தங்கும் ஈரம்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம்: அடிப்பக்கம் ஈரத்தில் விரியும், மேற்பக்கம் காய்ந்தே இருக்கும், ஓரம் நிமிரும்.

உடனே மெஷின் வைத்துத் தேய்க்கவே கூடாது. தூக்கிய ஓரத்தை இப்போது சீவினால், பலகை காய்ந்து அமரும்போது ஓரம் மெலிந்து நடுப்பகுதி புடைத்து நிற்கும். நல்ல மரம் வீணாகும், அதுதான் மனசு வலிக்கும்.

முதலில் குழாய்க் கசிவை அடைத்தேன். சுவரின் அடியில் ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினால், பலகை சுவரை முட்டிக்கொண்டிருந்தது. விரிய இடமே இல்லை. ஓரத்தை அறுத்து 12 மி.மீ. இடைவெளி விட்டேன். பிறகு மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரும். ஹீட்டர் வேண்டாம், மேற்பரப்பு மட்டும் வேகமாக உலர்ந்து வெடிக்கும்.

வாரம் ஒருமுறை ஊசி வைத்த ஈரப்பத மீட்டரால் பலகையையும் அடியிலுள்ள ப்ளைவுட்டையும் அளக்க வேண்டும். 3 அங்குலமோ அதற்கு மேலோ அகலமான பலகை என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வரணும். குறுகலானதற்கு 4 போதும். நனையாத அறைப் பலகையின் அளவோடும் ஒப்பிடுங்கள்.

காய்ந்ததும் பெரும்பாலான வளைவு தானாகவே அமர்ந்தது. மிச்சத்துக்கு 60, 80, 100 எண் உப்புத்தாள், மேலே பாலியூரித்தேன் மூன்று கோட். இனி துடைக்க நன்றாகப் பிழிந்த துணி மட்டும்; நீராவி மாப் ஆகாது.