உப்பு போர்வெல் தண்ணீரில் புல்தரை வளர்க்க

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் நீர் நிலத்தடியில் ஏறி, பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அதிலும் புல் வளரும். முதலில் புல்லைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். நம் அருகம்புல்லே உப்பை நன்றாகத் தாங்கும். மணிலா புல்லும் பரவாயில்லை. இன்னும் கடுமையான உப்பென்றால் சீஷோர் பாஸ்பாலம் (seashore paspalum) என்ற புல். கடலோரச் சதுப்பில் தானாக வளரும் இனம் அது.

அப்புறம், தண்ணீர் விடும் முறை. நம்மில் பலர் தினமும் மேலாகத் தெளிக்கிறோம். அதுதான் புல்லைக் கருக்குகிறது: நீர் ஆவியாகிவிடும், உப்பு வேரடியில் தங்கிவிடும். அதற்குப் பதில் மண் சற்றுக் காய்ந்ததும், அதிகாலையில், வேருக்குக் கீழே இறங்கும் அளவு நிறைய விடுங்கள். கூடுதலாக இறங்கும் நீர்தான் உப்பை அடித்துச் செல்லும். தண்ணீர் தேங்கினால் இது பலிக்காது. களிமண்ணாக இருந்தால், வடிகாலைச் சரிசெய்த பிறகே புல் பதியுங்கள். மண் இறுகிப்போயிருந்தால், மண் பரிசோதனை செய்து ஜிப்சம் தூவலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையை வீணாக்காதீர்கள். மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் போட்டுப் புல்தரைக்குத் திருப்பிவிட்டால், கோடையில் சேர்ந்த உப்பில் பெரும்பகுதி கரைந்து இறங்கிவிடும்.