தலைவலி போன பின்னும் தெளியாத தலை: மைக்ரேனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் செம்பனைக் காட்டுக்குப் போனவருக்கு, முந்தின நாள் எந்த நிரையில் வேலையை விட்டோம் என்பது நினைவுக்கு வரவில்லை. மளிகைக் கடைக் கல்லாவில் நிற்கும் பெண் 50 ரிங்கிட் நோட்டுக்கு மீதியை மூன்று முறை எண்ணுகிறார். தினமும் வரும் வாடிக்கையாளரின் பெயர் நாக்கு நுனியிலேயே நிற்கிறது. ஒற்றைத் தலை இடிக்கத் தொடங்குவது அதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான். வலி விட்ட மறுநாளும் தலைக்குள் பஞ்சு அடைத்தது போலவே இருக்கும்.

மலேசியாவில் ஈப்போவுக்கு அருகிலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதுபோன்ற தோட்டப்புறப் பட்டணங்களிலும் இதற்குப் பல பெயர்கள் உண்டு: காற்று, பித்தம், பிரஷர், கண் திருஷ்டி, சோம்பல். எல்லாமே ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றன. மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி, வலியோடு தொடங்கி வலியோடு முடிகிற நோயல்ல. அதன் முன்னறிகுறிகள் வலிக்கு 48 மணி நேரம் முன்பே தலைகாட்டலாம். மருந்து எடுக்காவிட்டால் வலி 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். அதன் பிறகு ஒன்றிரண்டு நாள் அசதி. யோசனை மந்தமாவது இந்த மூன்று கட்டங்களிலும் நடக்கும். வலியை மட்டுமே நோய் என்று எண்ணுவதால்தான் மற்றத் தவறுகள் பின்னாலேயே வருகின்றன.

"நேத்து சாக்லேட் தின்னதாலதான்"

அடிக்கடி கொட்டாவி, கழுத்து இறுக்கம், வழக்கத்துக்கு மேல் சிறுநீர், காரணமில்லாத எரிச்சல், இனிப்பின் மேல் திடீர் ஆசை, படித்த வரியையே திரும்பப் படிப்பது. இவை முன்னறிகுறிகள். பசி, தாகம், தூக்கம் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி, வலி வருவதற்கு முன்பே வேறு விதமாக இயங்கத் தொடங்குவது ஸ்கேன்களில் தெரிந்திருக்கிறது. அதனால், சாக்லேட் தின்றதால் தலைவலி வந்தது என்று நினைப்பவர்களில் பலருக்கு நடந்தது தலைகீழாக இருக்கலாம்: மைக்ரேன் தொடங்கிவிட்டது, அந்த ஆசையே அதன் அறிகுறி.

இந்த நேரத்தில் பலரும் செய்வது, தூக்கம் போதவில்லை என்று வெறும் வயிற்றில் இரண்டு கோப்பை கோப்பியைக் குடித்துவிட்டு வெயிலில் இறங்குவது. பசி, தண்ணீர் குறைவு, வெயில், இலைகளுக்கிடையே விட்டு விட்டு அடிக்கும் ஒளி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். முதலில் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பியை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். தினமும் குடிப்பவர் திடீரென்று விட்டால் அதுவே ஒரு தலைவலி. விரதக் காலத்தில் தண்ணீரையாவது விடாதீர்கள்.

"தாங்க முடியாம போனா போட்டுக்கலாம்"

எல்லாத் தவறுகளிலும் அதிகம் நடப்பது இதுதான். மைக்ரேன் ஏற ஏற இரைப்பை காலியாவது மெதுவாகும். வாந்தி வரும் நேரத்தில் போட்ட மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும், ரத்தத்தில் சேராது. பிறகு "இந்த மருந்து எனக்குக் கேக்காது" என்று முடிவுகட்டிவிடுகிறோம். வலி இலேசாக இருக்கும்போதே, முதல் மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் 1000 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் நிறைய மது குடிப்பவர்களுக்கும் இன்னும் குறைவு. அல்லது சாப்பாட்டோடு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் ஐபுப்ரோஃபென் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. குமட்டல் அதிகமென்றால் மெட்டோகுளோபிரமைட் 10 மில்லிகிராம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது வாந்தியை அடக்குவதோடு இரைப்பை காலியாவதையும் விரைவுபடுத்தும்.

நம் நாட்டில் ஒன்றை மறக்கவே கூடாது. தலைவலியோடு காய்ச்சலும் இருந்தால் டெங்கி இல்லை என்று தெரியும் வரை ஐபுப்ரோஃபெனோ ஆஸ்பிரினோ போடக் கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகும். பாரசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

சுமாட்ரிப்டான் போன்ற மைக்ரேனுக்கே உரிய மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தந்தால், வலிக்கு முன் சிலருக்குக் கண்ணில் ஒளி மின்னும், அப்போது அல்ல, வலி தொடங்கும்போது போடவும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

அதற்கு நேரெதிரான தவறு, வலிக்குமோ என்ற பயத்தில் தினமும் போடுவது. சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், சுமாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை, எர்கோட்டமின், கோடீன் கலந்த மாத்திரைகளை 10 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேலாக எடுத்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். மாதத்தில் பாதி நாள் தலைவலி என்றால் தெளிவான நாள் ஏது? சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளை வட்டமிட்டாலே போதும், மாதக் கடைசியில் எண்ணிவிடலாம்.

மறதியா, பதியவே இல்லையா?

"மூளை கெட்டுப்போச்சு, எனக்கும் பாட்டி மாதிரி ஆயிடும்" என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் பலர். மைக்ரேன் நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பயம் குறையும். ஒரு செய்தி நினைவில் தங்க, முதலில் கவனம் அதைப் பிடிக்க வேண்டும், பிறகு சில நொடிகள் மனத்தில் ஏந்திக்கொள்ள வேண்டும், அதன் பின்தான் அது பதியும். வலி கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வெளிச்சமும் சத்தமும் மிச்சத்தைத் தின்கின்றன. மூளை வேலை செய்யும் வேகமும் குறைகிறது. மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) காலையில் சொன்னதை மாலையில் மறந்தீர்கள் என்பதல்ல, காலையிலேயே அது பதியவில்லை. அலமாரி உடையவில்லை, உள்ளே எதுவும் வைக்கப்படவில்லை.

நீண்ட கால ஆய்வுகளும் ஆறுதலானவையே. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 6,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து சோதித்து 2012இல் வந்த முடிவு: மைக்ரேன் உள்ளவர்களின் யோசனைத் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறையவில்லை.

ஆகவே தவிர்க்க வேண்டியது, பதியாத நேரத்தில் பதிய வைக்கப் போராடுவது. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதப் போகும் பிள்ளையை வலியோடு உட்கார வைத்து வரலாறு படிக்கச் சொன்னால் மூன்று மணி நேரமும் வீண், மறுநாளும் பாழ். மாத்திரை, தண்ணீர், இருட்டான அறை, தூக்கம். தெளிந்த பிறகு ஒரு மணி நேரம் படித்தாலே அதிகம் தங்கும். பிள்ளைகளுக்கு வலி இரண்டு பக்கமும் வரலாம், 2 மணி நேரத்திலேயே விடலாம். அதனால் "நடிக்கிறான்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மருந்தளவு அவர்களுக்கு எடையைப் பொறுத்தது. பெரியவர்கள் அந்த நாட்களில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். வேலை விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆனால் தலைவலி இல்லாத நாட்களிலும் மறதி தொடர்ந்தால் மைக்ரேன் மேல் பழிபோட்டுவிட்டு இருக்கக் கூடாது. குறட்டையோடு மூச்சு நின்று போகும் தூக்கம், மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்; இவற்றுக்கு வைத்தியம் உண்டு.

பேச்சு குழறினால்

சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் தோன்றும். சிலருக்கு வார்த்தை மாறி வரும். இதற்கு ஆரா என்று பெயர். 1941இல் கார்ல் லாஷ்லி என்ற ஆய்வாளர், தன் கண்ணில் தெரிந்த அந்தக் கோடு நகர்வதைக் காகிதத்தில் வரைந்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று கணக்கிட்டார். 1944இல் பிரேசில்காரரான லியாவோ, முயலின் மூளையில் அதே வேகத்தில் பரவும் மின் அலையைக் கண்டார். அலை மொழிப் பகுதியைக் கடக்கும்போது வார்த்தை தட்டுப்படாது.

மெதுவாகப் பரவுவதுதான் ஆராவின் அடையாளம்: ஐந்து நிமிடமாவது எடுத்து ஏறும், ஒரு மணி நேரத்துக்குள் இறங்கும். பக்கவாதம் ஒரே நொடியில் விழும். முதல் முறை பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ வீட்டில் உட்கார்ந்து வித்தியாசம் பார்க்காதீர்கள், 999ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நேரம் நாலரை மணிதான், பெரிய மருத்துவமனை ஈப்போவில் இருக்கிறது. பழைய மைக்ரேன்காரர் என்பதாலேயே "வழக்கமா வர்றதுதான்" என்று விடுவது ஆபத்து. ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, 50 வயதுக்குப் பின் முதன்முதலாக வரும் தலைவலிக்கும் இதே விதி. ஆரா உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். பக்கவாத அபாயம் கூடும்.

மந்தத்துக்கு மருந்தே காரணமானால்

மைக்ரேன் வராமல் தடுக்கும் மருந்துகளில் டோபிராமேட் சிலருக்கு வார்த்தைத் தடுமாற்றம் தரும். வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 25 ஆக ஏற்றுவது அதனால்தான். கர்ப்பத்தில் அது கூடாது. அமிட்ரிப்டிலின் தூக்கம் தரும், ஆகவே இரவில். ப்ரோப்ரானலாலைத் தானாகத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். தடுமாற்றம் எந்த மாத்திரை தொடங்கிய வாரத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டு போனால், மருத்துவர் அளவைக் குறைக்கவோ மாற்றவோ முடியும்.

வலி விட்ட மறுநாள்

கழியில் மாட்டிய அரிவாளால் குலை வெட்டுபவருக்கு இந்த நாள்தான் ஆபத்து. வலி இல்லாததால் சரியாகிவிட்டது என்று தோன்றும். கண்ணும் கையும் இன்னும் மெதுவாகவே இருக்கும். முடிந்தால் அன்று உதிரிப் பழம் பொறுக்கும் வேலையை மாற்றிக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போங்கள். கிளினிக்கில் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்கும்போது "தலைவலி" என்று மட்டும் சொல்லாமல், மந்தம் எந்த மணிக்குத் தொடங்கியது, வலி எப்போது வந்தது, எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்குப் போட்டீர்கள், தலை தெளிய எத்தனை மணி நேரம் ஆனது என்று மூன்று மாதக் குறிப்பைக் காட்டுங்கள்.