யூரிக் அமிலத்துக்குச் சீன மூலிகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுராத்திரியில் கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் யார் எந்த மூலிகையைச் சொன்னாலும் வாங்கத்தான் தோன்றும். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் இந்த நோய்க்குப் பெயர் கவுட். சீன மருத்துவத்தில் இதற்குப் பழைய கூட்டு மருந்துகள் உண்டு. நான்கு சரக்குகள் சேர்ந்த ‘ஸி மியாவ் வான்’ அவற்றில் ஒன்று. அதில் சேரும் ஹுவாங் பாய் பட்டையின் பெர்பெரின், ‘து ஃபூ லிங்’ கிழங்கின் அஸ்டில்பின், பல செடிகளில் இருக்கும் குவர்செட்டின் ஆகிய வேதிப்பொருள்கள் யூரிக் அமிலத்தைக் குறைப்பதில் ஆய்வகங்களில் நம்பிக்கை தருவதும் உண்மைதான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாம் செய்வதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

முதலாவது, எலிக்குக் குறைந்தது நமக்கும் குறையும் என்று நம்புவது. எலியின் உடம்பில் யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. மனித இனம் அதைப் பரிணாமத்தில் இழந்துவிட்டது. அதனால் பல ஆய்வுகளில் பொட்டாசியம் ஆக்சோனேட் கொடுத்து எலியின் நொதியை முடக்கி, அமிலத்தைச் செயற்கையாக ஏற்றிவிட்டு, அப்புறம் மூலிகையைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அப்படி ஏற்றியதைச் சில நாளில் இறக்குவது வேறு, வருடக்கணக்கில் மூட்டில் படிந்த படிகங்களைக் கரைப்பது வேறு. கண்ணாடிக் குழாய்ச் சோதனைகளும் இப்படித்தான். குழாயில் நன்றாக வேலை செய்யும் பெர்பெரின், வாய்வழியாகச் சாப்பிட்டால் மிகக் கொஞ்சமே ரத்தத்தில் சேர்கிறது.

மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். 2016இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 22 ஆரோக்கியமான ஆண்கள் தினமும் 500 மில்லிகிராம் குவர்செட்டின் வீதம் நான்கு வாரம் எடுத்துக்கொண்டார்கள். யூரிக் அமிலம் சுமார் 8 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 9 மில்லிகிராம் இருப்பவருக்கு அதே சதவீதம் குறைந்தால் 8.3 ஆகும். கவுட் உள்ளவர் 6க்குக் கீழே வரவேண்டும். இதை நம்பி, யூரிக் அமிலத்தைக் குறைக்க மருத்துவர் கொடுத்த அலோபியூரினால் மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அதைவிடக் கவலை தருவது பெயர்க் குழப்பம். மூட்டு வீக்கத்துக்குச் சீன மருத்துவம் பயன்படுத்தும் ‘ஃபாங் ஜி’ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கக் கொடுத்த மருந்தில் ‘ஹான் ஃபாங் ஜி’க்குப் பதிலாக ‘குவாங் ஃபாங் ஜி’ கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைப் பாழாக்கியது. பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியேற்றுவதே சிறுநீரகம்தான். அதைக் கெடுத்துக்கொண்டு எதைக் குறைப்பது? நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் குவாங் ஃபாங் ஜியைப் போலவே அரிஸ்டோலோகியா பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. அதேபோல நாட்டு மருந்துக்கடைப் பறங்கிப்பட்டையும் து ஃபூ லிங்கும் ஒரே பேரினம், ஆனால் வேறு வேறு செடிகள். ஒன்றின் ஆய்வைக் காட்டி மற்றொன்றை வாங்கக் கூடாது.

இன்னொன்று, வலி நின்றதும் யூரிக் அமிலம் குறைந்துவிட்டது என்று எண்ணுவது. செங்காந்தளில் உள்ள கோல்சிசின் வீக்கத்தை அடக்கும், அமில அளவைத் தொடாது. (கிழங்கு கொடிய விஷம். அதைக் கையாலும் எடுக்காதீர்கள்.) பெயர் தெரியாத ‘மூலிகை’ மாத்திரை ஒரே நாளில் வலியைப் போக்கினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த மாத்திரைகள் பற்றிச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படி ஒன்றை நாள்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருப்பதாகக் காட்டலாம். வீக்கம் வடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

சரி, மருத்துவரிடம் சொல்லிவிட்டே ஒரு சீன மூலிகையை எடுக்கப்போகிறீர்கள் என்றால், தொடங்கும் முன்பும் பிறகும் யூரிக் அமிலத்தோடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் பாருங்கள். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்தை உடம்பு உடைக்கும் நொதிகளில் ஒன்று சாந்தின் ஆக்சிடேஸ். யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் அதுதான். இந்த மூலிகைகள் தடுப்பதாகச் சொல்லப்படுவதும் அதே நொதியைத்தான். அது தடைபட்டால் மருந்து உடம்பில் தேங்கிவிடும்.